ஜெயில் என்று சொல்லாதீர்கள், சார்!

போன வாரம் நங்கநல்லூர் பூங்காவில் காலை நடை முடித்துவிட்டு வழக்கமான சிமெண்டு பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். டல்லாஸில் மகன் வீட்டில் 5 மாதம் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பிய நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். "எப்படி சார் இருந்தது?" என்று கேட்டோம். இரண்டு கைகளையும் விரித்தார்.

"ஜெயில் சார். ஏசி போட்ட ஜெயில். வேளாவேளைக்குச் சாப்பாடு, நல்ல மெத்தை, எல்லாம் இருக்கு. ஆனா ஜெயில்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் "தங்கக் கூண்டு" என்றார். இன்னொருவர் தன் மெல்போர்ன் அனுபவத்தை எடுத்துவிட்டார். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நாகரிகம் கருதி அல்ல, வெட்கத்தால். 2011ல் முதல் தடவை நியூஜெர்சி போய்விட்டு வந்தபோது இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே வார்த்தையைச் சொன்னவன் நான். அப்போதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஆனால் நான் சொன்னது உண்மை இல்லை. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் நியாயமான குறைகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். அங்கே கார் ஓட்டத் தெரியாதவன் கால் இல்லாதவன் மாதிரிதான். பால் வாங்கக்கூட இரண்டு மைல் போக வேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி திருப்பி வைத்துவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து மாலை 5 மணிக்கே இருட்டு. தெருவில் கீரைக்காரி குரல் இல்லை, கோயில் மணி இல்லை, எதிர்வீட்டுச் சண்டை இல்லை. ஒரு பல்வலி வந்தால், வலியைவிட பில்லை நினைத்துத்தான் தூக்கம் வராது. இதெல்லாம் நிஜம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மட்டும் டிக்கெட் எடுத்துக் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் விமானம் ஏற்றிவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வக்கீல் இல்லை.

ஆனால் "ஜெயில்" என்கிற நம்மில் பலருடைய நிலைமை அது அல்ல. நம்மைக் கூப்பிட்ட பிள்ளைகள் நல்லவர்கள். வாரக் கடைசியில் நயாகரா காட்டுகிறார்கள், பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரா கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள், முட்டிவலிக்குத் தைலம் வாங்கித் தருகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஜெயில் என்றால், அந்தக் கம்பியை யார் போட்டது?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். உங்கள் கதையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2011ல் எடிசனில் மகன் வீட்டுக்குப் போய் இறங்கியபோது, 36 வருஷம் வங்கியில் குப்பை கொட்டி, கடைசி 9 வருஷம் கிளை மேலாளராக இருந்துவிட்டு ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாற்காலி போனாலும் மேலாளர் போகவில்லை. வந்த மூன்றாம் நாளே அந்த வீட்டை ஆடிட் பண்ண ஆரம்பித்துவிட்டேன். பகலில் ஏன் விளக்கு எரிகிறது? நாலு தட்டுக்கு எதற்குப் பாத்திரம் கழுவும் மிஷின்? காலையில் பாலில் எதையோ கொட்டிச் சாப்பிடுகிறார்களே, இட்லிக்கு என்ன குறைச்சல்? மருமகள் பதில் பேசவில்லை. அவள் பொறுமையை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடிட் முடிந்த நேரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நம்ம ஊர்ச் செய்திச் சேனல், சீரியல், அரசியல் விவாதம். எடிசனில் அக்டோபர் மாதம் மரமெல்லாம் தீப்பிடித்த மாதிரி சிவந்து நின்றுகொண்டிருந்தது. நான் திரையைச் சாத்திவிட்டு, சென்னையில் மழை பெய்யுமா பெய்யாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு அங்கே, மனசு நங்கநல்லூரில். இப்படி இருப்பவனுக்கு அரண்மனையும் ஜெயில்தான்.

இனி பேத்தி விஷயம். அவளுக்கு அப்போது 7 வயசு. "பாரம்பரியத்தைச் சொல்லித் தருவது நம் கடமை" என்று கிளம்பும்போதே தீர்மானம் போட்டிருந்தேன். அதன்படி தினமும் இரண்டு குறள் மனப்பாடம். விருந்தாளி வந்தால் கூப்பிட்டு ஒப்பிக்கச் சொல்வேன். ஒரு சனிக்கிழமை 'பாசமலர்' போட்டேன். பீம்சிங் எடுத்த படம், 1961, சிவாஜியும் சாவித்திரியும். எனக்கு உயிர். முக்கால் மணி நேரம் கழித்து, "ஏன் தாத்தா எல்லாரும் அழறாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன்? "உங்களுக்கெல்லாம் பாசம்னா என்னன்னு தெரியாது. அந்த ஊர் அப்படி" என்றேன். ஏழு வயசுக் குழந்தையிடம்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். "அமெரிக்கப் பழக்கம்" என்று மனைவியிடம் சொன்னேன். ஊருக்குக் கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். மாடியில் அவளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்த மகனிடம் அவள் கேட்டது காதில் விழுந்தது.

"அப்பா, தாத்தா எப்போ ஊருக்குப் போவாங்க?"

சுத்தமான தமிழ். பிழை இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்த 5 மாதத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான். அவளுக்குத் தமிழ் வரும். என்னிடம்தான் வரவில்லை.

இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து "ஜெயில்" என்றேன். அவமானத்தைச் சொல்வதைவிட ஜெயில் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1953ல் ஜப்பானிய இயக்குநர் ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'. பெயரை நான் முதலில் பார்த்தது வாட்ஸப்பில், 'பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள், எல்லோரும் பார்க்க வேண்டிய படம்' என்கிற ரீதியில் வந்த ஒரு செய்தியில். 2013ல் பேரன் பிறந்தபோது இரண்டாம் தடவை எடிசன் போனோம். மகனுடைய நூலக அட்டையில் சொல்லி வைத்ததும் வேறு ஊர் நூலகத்திலிருந்து ஒரு வாரத்தில் டிவிடி வந்துவிட்டது. காசு கிடையாது.

கதை எளிமை. ஒனோமிச்சி என்கிற சின்ன ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இரண்டு பேருக்கும் நேரமில்லை. காசு போட்டு அட்டாமி என்கிற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ராத்திரி முழுக்க ஒரே கூச்சல், தூக்கம் கெட்டுத் திரும்பி வருகிறார்கள். இரக்கம் காட்டுகிற ஒரே ஆள், போரில் இறந்துபோன மகனின் மனைவி நோரிகோ. ஒரு நாள் லீவு போட்டு, பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள்.

வாட்ஸப்காரர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். படத்தை முழுசாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. கிழவர் பழைய சிநேகிதர்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து குடிக்கிற காட்சி ஒன்று வரும். ஒருவர் தன் மகன் உருப்படவில்லை என்று புலம்புவார். அசல் நம் பூங்கா பெஞ்சு! கிழவருக்கும் மனசுக்குள் ஏமாற்றம் உண்டு. ஆனாலும், பிள்ளைகளிடம் ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது என்கிறார். அதோடு, அந்த முசுட்டு மகள் ஒரு இடத்தில் அப்பா முன்காலத்தில் குடித்துவிட்டு ராத்திரி வருவாரே என்று நினைவுபடுத்துகிறாள். அதாவது பிள்ளைகளுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. பெற்றோர் புனிதர், பிள்ளைகள் பாவி என்று ஓசு படம் எடுக்கவில்லை. நோரிகோ பெரிதாக என்ன செய்தாள்? கூட வந்தாள், அவ்வளவுதான்.

படம் முடிந்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. பிள்ளைகள் எனக்கு நோரிகோவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேனே, நான் யாருக்காவது நோரிகோவாக இருந்திருக்கிறேனா? பேத்தியின் உலகத்துக்குள் ஒரு நாளாவது பஸ் ஏறிப் போயிருக்கிறேனா?

மறுநாள் அவளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். வங்கிக்காரன் ஆயிற்றே! "ஒரு சனிக்கிழமை உன் படம், ஒரு சனிக்கிழமை என் படம். பார்க்கும்போது யாரும் யாருக்கும் பாடம் நடத்தக் கூடாது." 9 வயசுக்காரி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "குறள்?" என்றாள். "குறளும் கிடையாது" என்றேன். கை குலுக்கினாள்.

முதல் வாரம் அவள் படம், மியாசாகி 1988ல் எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ'. கார்ட்டூன் என்று கொஞ்சம் இளக்காரமாகத்தான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மா, கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் அப்பா, இரண்டு சின்னப் பெண்கள். மழையில் அப்பாவுக்காகக் குடையோடு பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய பூதம் தலையில் இலையை வைத்துக்கொண்டு சாதுவாக வந்து நிற்கிறது. பெரியவள் அதற்கு ஒரு குடையைக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. வில்லன் இல்லை, சண்டை இல்லை. தோட்டத்துக் காய்களைப் பறித்துத் தருகிற பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி உண்டு, அசல் நம்மூர்க் கிழவி. அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று சின்னவள் கிளம்பிப் போய்த் தொலைகிற இடத்தில் நான் மூக்கை உறிஞ்சினேன். பேத்தி திரும்பிப் பார்த்து, "ஏன் தாத்தா அழறீங்க?" என்றாள். 'பாசமலர்' பார்க்கும்போது கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை எங்கள் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் என் முறை. பாடம் கற்றுக்கொண்டிருந்தேன். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' போட்டேன். 1964. பாலையாவை உட்கார வைத்து நாகேஷ் பேய்க் கதை சொல்கிற காட்சி உங்களுக்குத் தெரியும். அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? நாகேஷின் தொண்டையும் பாலையாவின் முகமும் போதும். குழந்தை சோபாவிலிருந்து உருண்டு கீழே விழுந்தாள். "இன்னொரு தடவை" என்றாள். அன்றைக்கு 4 தடவை போட்டோம். மறுவாரம் அவள் நாகேஷ், நான் பாலையா. கதையை அவள் சொல்ல வேண்டும், தமிழில்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாகேஷ் ஆங்கிலத்தில் சொன்னால் பயம் வராது! சொல் தெரியாத இடத்தில் நின்று என்னைக் கேட்டாள். கதவு திறக்கிற சத்தத்துக்குத் தமிழில் என்ன, பின்னால் திரும்பிப் பார் என்பதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் கேட்டாள். 5 மாதம் குறள் சொல்லி வராத தமிழ், ஒரு பேய்க் கதையில் வந்தது.

குறளுக்கு நான் எதிரி இல்லை. குறளைத் தண்டனை ஆக்குகிற தாத்தாக்களுக்குத்தான் எதிரி. "பேரப்பிள்ளைக்குத் தமிழே தெரியவில்லை" என்று வருத்தப்படும் நண்பர்களே, அந்தக் குழந்தையோடு தமிழில் கடைசியாக எப்போது சிரித்தீர்கள்? திட்டுவதும் திருத்துவதும் மட்டும் ஒரு மொழியில் நடந்தால், எந்தக் குழந்தை அந்த மொழிக்குள் காலை வைக்கும்?

படம் முடிந்து புத்தகம் வந்தது. நூலகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மகன் வீட்டிலிருந்து நடந்தால் 20 நிமிஷம். நாலு தடவை வந்து போயும் "அங்கே ஒன்றுமே இல்லை" என்கிறவர்கள் அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள். சூடான அறை, நல்ல நாற்காலி, அன்றைய பேப்பர், யாரும் "என்ன வேணும்" என்று விரட்டுவதில்லை. கை நிறையப் புத்தகம் எடுத்து வரலாம்.

அங்கிருந்து பேத்தி கொண்டுவந்தது இ.பி. ஒயிட் எழுதிய 'ஷார்லட்ஸ் வெப்'. 1952ல் வந்த புத்தகம். வெட்டுக்குப் போக இருக்கும் ஒரு பன்றிக்குட்டியை ஒரு சிலந்தி தன் வலையில் எழுத்துக்கள் பின்னிக் காப்பாற்றுகிற கதை. தினமும் ஒரு அத்தியாயம், நான் வாசிக்க வேண்டும். என் ஆங்கிலம் வங்கிச் சுற்றறிக்கை ஆங்கிலம். சிலந்தி பேசினாலும் வட்டி விகிதம் அறிவிப்பது மாதிரி இருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள், நானும் கோபித்துக்கொள்ளவில்லை. சிலந்தி சந்தைத் திடலில் தனியாக இறந்துபோகிற பக்கம் வந்தபோது என் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மீதியை அவளே வாசித்தாள். பதிலுக்கு நான் தேவனின் துப்பறியும் சாம்புவைக் கதை கதையாகச் சொன்னேன். ஒன்றும் தெரியாத ஆள் குருட்டு அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடிப்பது எல்லா நாட்டுக் குழந்தைக்கும் பிடிக்கும்.

பெரியவர்களுக்கும் இரண்டு பேரைச் சொல்கிறேன். வெளிநாடு கிளம்புமுன் பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அசோகமித்திரனின் 'ஒற்றன்'. 1973ல் அவர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் சந்திப்புத் திட்டத்துக்குப் போனார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நாவல். பல நாட்டு எழுத்தாளர்கள் ஒரே கட்டடத்தில். குளிர், சமையல், சின்னச் சின்னக் கோபங்கள், சின்னச் சின்ன அன்புகள். ஊரைக் குறை சொல்வதும் இல்லை, வாய் பிளப்பதும் இல்லை. பார்க்கிறார், எழுதுகிறார். இன்னொருவர் அ. முத்துலிங்கம். கொக்குவிலில் பிறந்து, ஆப்பிரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் வேலை பார்த்துவிட்டுக் கனடாவில் குடியேறியவர். அந்நிய ஊரில் ஒரு மனிதன் தன்னைப் பார்த்துத் தானே எப்படிச் சிரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அவர் கட்டுரைகள் பாலபாடம். இவர்களுக்கும் அதே குளிர்தான், அதே அந்நியம்தான். இவர்கள் ஜெயில் என்று சொல்லவில்லை.

அன்றாடச் சந்தோஷங்கள் பிறகு தானாக வந்தன. மாலை 3:40க்கு மஞ்சள் பள்ளிப் பேருந்து தெரு முனைக்கு வரும். சிவப்பு விளக்கு மின்னியதும் இரண்டு பக்கமும் எல்லா வண்டியும் அப்படியே நிற்கும். ஒரு குழந்தை இறங்கித் தெருவைத் தாண்டுவதற்கு ஊரே காத்திருக்கும் அந்தக் காட்சியைத் தினமும் பார்க்கலாம், எனக்கு அலுக்கவில்லை. ஓக் ட்ரீ ரோட்டில் கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்குவது ஒரு சுகம். நியூஜெர்சியில் 1949லிருந்து பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, ஆள்தான் போடுவார். எங்கள் பங்கில் போடுகிறவர் ஒரு பஞ்சாபிக்காரப் பெரியவர், என்னுடைய அரைகுறை ஹிந்தியைப் பொறுத்துக்கொள்வார். எடிசனில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தச் சிநேகிதர் அவர்.

இத்தோடு முடித்திருந்தால் இந்தக் கட்டுரை ஒரு நல்ல தாத்தாவின் கதையாக இருந்திருக்கும். ஆனால் இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது.

2013 பயணம் முடிந்து நெவார்க்கில் விமானம் ஏறினோம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு மனைவியிடம் சொன்னேன், "இந்தத் தடவை ரொம்ப சந்தோஷமா இருந்தது, இல்ல?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு" என்றாள்.

ஒரு வார்த்தைதான். விமானம் கிளம்பி வெகு நேரம் கழித்துத்தான் மீதி வந்தது. மருமகளுக்குப் பத்தியச் சமையல், எங்களுக்கு வேறு சமையல், பேத்திக்கு வேறு. குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், ராத்திரி விழிப்பு, துணி மடிப்பு. "டோட்டோரோவா கோட்டோரோவா, அது ஓடறப்ப நான் மாவு அரைச்சிட்டு இருந்தேன். நாகேஷ் சத்தம் கேட்டுச்சு. மூஞ்சியப் பாக்கல. நீங்க ஜெயில்னு சொன்னப்பவும் நான் அடுப்படியிலதான் இருந்தேன், சொர்க்கம்னு சொல்றப்பவும் அடுப்படியிலதான் இருக்கேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

ஆகவே பெஞ்சு நண்பர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். "ஜெயில்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் யார்? நாம்தான், ஆண்கள். காரணம் என்ன? நமக்கு வேலை இல்லை. ஊரில் இருந்த மரியாதை, பெஞ்சு, பேப்பர் போய்விட்டது. நம் வீட்டுப் பெண்கள் நமக்கு முன்னாலேயே எழுந்து, நமக்குப் பிறகு படுக்கிறார்கள். அவர்களுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் வேலை மட்டும் கூடவே விசா வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ஜெயில் என்று யாராவது சொல்ல வேண்டுமானால் அவர்கள் சொல்லட்டும். நமக்கு அந்த வார்த்தைக்கு உரிமை இல்லை.

2016ல் மூன்றாம் தடவை போனபோது சட்டத்தை மாற்றினோம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பெண்கள் யாரும் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. நானும் மகனும் தோசை வார்த்தோம். முதல் மாதம் தோசை ஆஸ்திரேலியா வரைபடம் மாதிரி வந்தது, சாப்பிட்டார்கள். படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் மனைவிக்கு. அவள் கேட்டது 'மைக்கேல் மதன காமராஜன்'. 1990ல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கிரேஸி மோகன் வசனம் எழுதிய படம். கல்யாணச் சமையலில் சாம்பாருக்குள் மீன் விழுகிற இடத்தில் என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, 38 வருஷத் தாம்பத்தியத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர், மூச்சு வாங்குகிறது, மருமகள் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். சமையல்காரன் படும் பாட்டைப் பார்த்து இப்படிச் சிரிக்க, அவளுக்குத்தான் எத்தனை அனுபவம்! பாத்திரம் கழுவும் மிஷினில் தட்டுகளை அடுக்கக் கற்றுக்கொண்டதும் அந்த வருஷம்தான். முதல் தடவை நான் கிண்டல் செய்த அதே மிஷின்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றவர்களைக் கூப்பிடுமுன், எதற்காகக் கூப்பிடுகிறீர்கள் என்பதை மனசு விட்டுச் சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் என்றால் அதையே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். இங்கே நாலு பேர் கூடிப் பேசினால் பாதி வருத்தம் அந்த மறைப்பினால்தான். வந்து இறங்கிய முதல் வாரமே ஒரு வீட்டுச் சாவியும், நூலகத்துக்கு நடந்துபோகும் வழியும் கொடுங்கள். நயாகரா ஒரு நாள். சாவி 6 மாதம்.

"எல்லா வீட்டிலும் இது நடக்குமா சார்?" என்பீர்கள். நடக்காது. சில வீட்டில் பேச்சே இல்லை, சில வீட்டில் பேசினால் சண்டை. அவர்கள் போகாமல் இருப்பதே மேல், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் முயற்சி செய்து பார்க்கலாமே. ஒரு படம், ஒரு புத்தகம், ஒரு தோசை. இதற்கு விசாவைவிடக் குறைவான சிரமம்தான்.

பேத்திக்கு இப்போது 20 வயசு தாண்டிவிட்டது. வேறு மாநிலத்தில், கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன மாதம் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட்டாள். அங்கே காலை நேரம். ஏதோ அவசரமோ என்று பயந்துவிட்டேன்.

"தாத்தா, ஒண்ணும் இல்ல. என் ரூம்மேட்டுக்கு அந்தப் பேய்க் கதை சொல்லிட்டு இருந்தேன். நடுவுல மறந்து போச்சு. கதவு திறந்ததும் என்ன வரும்?"

சொன்னேன். பாலையா மாதிரி பயந்தும் காட்டினேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி, "யாரு, என்ன?" என்று ஓடி வந்தாள்.

நாளைக் காலை பூங்காவுக்குப் போவேன். டல்லாஸ் நண்பர் மறுபடி ஆரம்பிப்பார். இந்தத் தடவை தலையாட்ட மாட்டேன். "அங்கே உங்க வீட்டம்மா எப்படி இருந்தாங்க சார்?" என்று கேட்கப் போகிறேன்.